ஜாமீனம்மாவுக்காக ஒரு புறக்கணிப்பு

நீதிமன்றத் தாழ்வாரத்தின் கடைசித் தூணோரம் மேஸ்திரியின் மனைவி காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலையை முடித்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்திருந்தாள். சோடாக்காரமும் வெந்நீரும் தின்ற விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் புருஷனுக்கு ஒரு மாற்றுச் சட்டை, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. இடதுகால் செருப்பின் வாரை அறுத்தெடுத்துவிட்டு, துணியை அகலப் பட்டையாக மடித்துத் தைத்திருந்தாள். வீங்கின கால் சாதாரண வாருக்குள் நுழையாது. சிறை வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை அவர் நடந்தாக வேண்டுமே.

"இன்னைக்கு விட்டுருவாங்கல்ல அண்ணே?" என்று அந்தப் பக்கமாக வந்த குமாஸ்தாவிடம் கேட்டாள்.

"அம்மா வரட்டும்மா, அம்மா வரட்டும்" என்றார் அவர். மற்ற நாளில் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிற மனிதர், இன்றைக்கு அவள் முகத்தையே பார்க்காமல் நழுவினார்.

குமாஸ்தா 'அம்மா' என்றது வக்கீலம்மாவை. ஊரில் பாதிப் பேருக்கு அவள் ஜாமீனம்மா. சுமை தூக்குகிறவன், தெருவில் கடை போடுகிறவன், குடிசையை இடிக்க வந்த எந்திரத்துக்கு முன்னால் படுத்தவன் என்று யாரைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனாலும், வீட்டார் மூச்சிரைக்க ஓடிவருவது சைக்கிள் கடை மாடியிலிருந்த அவளுடைய அறைக்குத்தான். ஃபீஸ் கொடுத்தவர்களும் இருந்தார்கள். கொடுக்க முடியாதவர்கள் அறைக்கு வெள்ளையடித்தார்கள், மின்விசிறியைச் சரிசெய்தார்கள், ஒரு தச்சர் உடைந்த மேசைக்குக் கால் போட்டார். ஐம்பதைத் தாண்டியும் ஏன் கல்யாணம் கட்டவில்லை என்று யாராவது வாயைக் கிளறினால், "அதுக்கு வாய்தா வாங்கியிருக்கேன், நீதிபதி மாறிக்கிட்டே இருக்கார்" என்பாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறபோது சில நாள் அவளுக்கே அந்தச் சிரிப்பு கசக்கும்.

வக்கீலம்மா படியேறி வந்தபோது வலதுகை முழங்கைவரை மாவுக்கட்டில் கிடந்தது. கறுப்பு அங்கியை இடதுதோளில் போட்டிருந்தாள். மேஸ்திரியின் மனைவி பதறி எழுந்தாள்.

"ஐயையோ, என்னம்மா இது கையில?"

"கை கிடக்குது விடு. வாய் நல்லாத்தானே இருக்கு? வக்கீலுக்கு வாய் போதும்."

சொன்னாளே தவிர, வலி தோள்பட்டைவரை ஏறியிருந்தது. கை ஒடிந்தது முந்தாநாள். போன மாதம் குளிர்பதனக் கிடங்கில் அமோனியா கசிந்து ஆட்கள் சுருண்டு விழுந்தபோது, இனிமேலும் முகமூடி இல்லாமல் உள்ளே போகமாட்டோம் என்று மேஸ்திரி எல்லாரையும் கூட்டிக்கொண்டுபோய்ச் சாலையில் உட்கார்ந்தார். கசியவிட்ட முதலாளி வெளியே இருக்கிறார். உட்கார்ந்த மேஸ்திரி ஒரு மாதமாக உள்ளே இருக்கிறார். அவரோடு உட்கார்ந்த மற்றவர்களையும் முந்தாநாள் காவல் நிலையத்துக்கு வரவழைத்து, பொழுது சாய்கிறவரை நிற்கவைத்திருந்தார்கள். விஷயம் தெரிந்து வக்கீலம்மா போனாள். எந்தச் சட்டத்தில் நிற்கவைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். இன்ஸ்பெக்டர் வாயால் பதில் சொல்லவில்லை. பிடித்துத் தள்ளினார். கல்படியில் விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துபோனது.

அதை அவள் வக்கீல் சங்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கு மேஸ்திரியின் ஜாமீன் மனு. அது முடியட்டும், பிறகு என் கையைப் பார்க்கலாம் என்று இருந்தாள்.

தாழ்வாரத்தில் வக்கீல்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். ஒருவரும் உள்ளே போகிற வழியாகத் தெரியவில்லை. அவளைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டார்கள். சிலர் கையைத் தட்டினார்கள். அவள் நேரே அறிவிப்புப் பலகைக்குப் போனாள். அவளுடைய பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, அவள்மீது கைவைத்த இன்ஸ்பெக்டரை வேலைநீக்கம் செய்யக் கோரி இன்று முழுநாள் நீதிமன்றப் புறக்கணிப்பு என்று எழுதியிருந்தது. 'விதிவிலக்கு எதுவும் இல்லை' என்ற கடைசி வரிக்கு அடியில் சிவப்பு மையில் கோடு.

"யார் போய்ச் சொன்னது இவங்ககிட்ட?"

குமாஸ்தா பக்கத்தில்தான் நின்றார். வழக்குக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நெளிந்தார்.

"நான்தாம்மா. உங்களை இந்தக் கோலத்துல பாத்ததும் மனசு கேக்கல. நேரா தலைவர் வீட்டுக்குப் போயிட்டேன்."

"இன்னைக்கு என்ன கேஸுன்னு உங்களுக்குத் தெரியாதாண்ணே? கட்டு கட்டி வெச்சதே நீங்கதானே?"

"கண்டிச்சு ஒரு தீர்மானம் போடுவாங்கன்னு நெனச்சேம்மா. கோர்ட்டையே மூடுவாங்கன்னு சத்தியமா நெனக்கல."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாகச் சம்பளம் முன்னேபின்னே ஆனாலும் முகம் சுளிக்காத மனிதர். பாசத்தில் செய்துவிட்டு நிற்கிறவரை என்னத்தைத் திட்டுவது? அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அதை எங்கே கொட்டுவது என்றுதான் தெரியவில்லை.

நாளை முதல் நீண்ட விடுமுறை. விடுமுறையில் உட்காரும் நீதிபதி வேறு மாவட்டக்காரர். இந்தக் கட்டு அவர் மேசைக்குப் போய்ச் சேரவே விடுமுறை பாதி ஓடிவிடும். மேஸ்திரியின் காலுக்கோ அவ்வளவு அவகாசம் கிடையாது. அவருக்குச் சர்க்கரை வியாதி. சிறையில் கட்டைவிரல் இடுக்கில் வந்த கொப்புளம் உடைந்து, இப்போது விரல் கறுத்துப்போய்விட்டது. சாதாரணப் புண் என்று சிறை மருத்துவர் எழுதிக்கொடுத்துவிட்டார். வக்கீலம்மா நடையாய் நடந்து அனுமதி வாங்கி, வெளியிலிருந்து ஒரு டாக்டரைக் கூட்டிக்கொண்டு போனாள். பார்த்துவிட்டு வெளியே வந்ததும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்த வாரத்துக்குள்ள பெரிய ஆஸ்பத்திரியில சேத்துச் சுத்தம் பண்ணலைன்னா காலை எடுக்கணும். அதையும் விட்டுட்டா விஷம் ரத்தத்துல ஏறிடும். அப்புறம் என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது, உங்களாலயும் முடியாது." அந்த டாக்டர் எழுதிக்கொடுத்த சான்று வழக்குக் கட்டில் முதல் தாளாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு பேச வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சங்கத் தலைவரின் அறையில் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். வாசலில் ஒலிபெருக்கி கட்டுவதற்கு யாரோ கயிறு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் தலைவர் எழுந்துவந்து, தன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. நிக்காத. நேத்து ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல. நம்ம வீட்டுப் பொண்ணு மேல கைவெச்சிருக்கான். விடமாட்டோம்."

"சந்தோஷம் தலைவரே. ஆனா எனக்கு ஒரே ஒரு ஜாமீன் மனு இருக்கு. அஞ்சு நிமிஷம். போய்ப் பேசிட்டு வந்து நானே வாசல்ல முதல் ஆளா நிக்கிறேன்."

தலைவர் சிரித்தார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது.

"என்னம்மா பேசுற? உனக்காக இத்தனை பேர் வெளிய நிக்கிறோம். நீயே அங்கிய மாட்டிக்கிட்டு உள்ள போனா ஊர் சிரிக்காதா?"

"எனக்காகத்தானே? நானே கேக்குறேன், மத்தியானத்துக்கு மேல வெச்சுக்கலாம். அந்த ஆளு கால் அழுகிட்டு இருக்கு."

"பத்திரிகைக்காரங்க வந்தாச்சு. பக்கத்து ஊர்ச் சங்கமெல்லாம் ஆதரவு சொல்லியாச்சு. இப்பப் போய் நேரத்தை மாத்துன்னா எப்படி?"

"அப்ப எனக்கு மட்டும் ஒரு விலக்குக் கொடுங்க."

"விலக்கே கூடாதுன்னு தீர்மானம் கொண்டுவந்தது யாரும்மா? நானா?"

அவள்தான். சில வருஷத்துக்கு முன், ஒரு போலீஸ் துப்பாக்கிச்சூட்டைக் கண்டித்து எல்லாரும் வெளியே வெயிலில் நின்றபோது, அவசர வழக்கு என்று சொல்லிக்கொண்டு பணக்காரக் கட்சிக்காரர்களுக்காகப் பின்பக்க வாசலில் நுழைந்தவர்கள் இருந்தார்கள். அன்றைக்குப் பொதுக்குழுவில் எழுந்து, "விலக்கு வெச்சா அது போராட்டமில்ல, பாவனை" என்று மேசையைத் தட்டினவள் அவள். கைதட்டலில் அறை அதிர்ந்தது. மீறி உள்ளே போகிறவர்களைச் சங்கத்தைவிட்டு நீக்க வேண்டும் என்பதும் அவள் போட்ட வரிதான். மேஸ்திரி மாதிரி ஒருவர் அழுகிய காலோடு உள்ளே நிற்பார் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லையே.

"நான் தப்புப் பண்ணிட்டேன் தலைவரே" என்றாள்.

"தப்பெல்லாம் இல்லம்மா. அதாலதான் இன்னைக்கு ஒருத்தன்கூட உள்ள போகல, பாரு." தலைவர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். அடுத்த மாதம் சங்கத் தேர்தல். ஆனாலும் அவர் கண்ணில் இருந்த ஈரம் பொய்யில்லை. அதனால்தான் அவளால் அவரோடு சண்டை போடவும் முடியவில்லை.

அவள் வெளியே வந்தபோது சிறை வண்டி வந்து நின்றிருந்தது. மேஸ்திரியைப் பின்பக்கமாக இறக்கினார்கள். இடதுபாதத்தைப் பிளாஸ்டிக் பையில் நுழைத்துக் கணுக்காலில் கயிறு கட்டியிருந்தார்கள். பைக்குள் மஞ்சளாக நீர் தேங்கியிருந்தது. காவலர் ஒருவரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் தத்தித் தத்தி வந்தார். காவலர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மூச்சுவிட்டார்.

"என்னம்மா, என் காலுக்கு ஜோடியா கையை ஒடிச்சுக்கிட்டீங்களா?" என்றார் மேஸ்திரி. சிரிக்கப் பார்த்தார். பற்கள் கிட்டித்தன.

மனைவி குனிந்து செருப்பைக் காலுக்கு நேரே வைத்துப் பார்த்தாள். கால் அவள் அளந்து தைத்ததைவிடப் பருத்திருந்தது. செருப்பை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"ராத்திரியெல்லாம் நடுக்கம்மா" என்றார் மேஸ்திரி. "இருபது வருஷம் ஐஸ் கிடங்குல நின்னவன் நானு. இப்படி ஒரு குளிரைப் பாத்ததில்ல."

வக்கீலம்மா இடதுகையால் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கொதித்தது. விஷம் ரத்தத்துல ஏறிடும் என்று டாக்டர் சொன்னது அவள் காதில் மறுபடி கேட்டது. பயமாக இருந்தது. அந்த நிமிஷமே அவள் முடிவுக்கு வந்துவிட்டாள். சங்கம் நீக்கினால் நீக்கட்டும். கருங்காலி என்றால் என்றுவிட்டுப் போகட்டும். இந்த மனிதரை இன்றைக்கே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

காவலர்கள் மேஸ்திரியை உள்ளே கூட்டிப்போனார்கள். அவள் குமாஸ்தாவிடமிருந்த வழக்குக் கட்டிலிருந்து டாக்டரின் சான்றை உருவி மனைவியின் கையில் திணித்தாள்.

"நீ அவர்கூட உள்ள போ. கட்சிக்காரங்களைத் தடுக்கமாட்டாங்க. நான் வர்றதுக்குள்ள பேரைக் கூப்பிட்டுட்டா, பயப்படாம முன்னால போய் நில்லு. எங்க வக்கீலம்மா வாசல்ல நிக்கிறாங்க, உள்ள விடமாட்டேங்கிறாங்க, என் புருஷன் காலை ஒரு தடவை பாருங்கய்யான்னு சொல்லு. அழுதுடாத. அழுதா உக்காரச் சொல்லிடுவாங்க."

"நீங்க வந்துருவீங்கல்லம்மா?"

"வருவேன். நீ போ."

நீதிமன்ற அறையின் வாசலில் இளம் வக்கீல்கள் கைகோத்து நின்றார்கள். நடுவில் நின்ற பெண் அவளிடம் தொழில் பழகினவள். மனு எழுதுவதிலிருந்து போலீஸ்காரனுக்கு முன்னால் நாற்காலி இழுத்துப் போட்டு உட்காருவதுவரை எல்லாம் இவளிடம் கற்றது.

"வழிவிடுடி."

"அக்கா, வேணாங்க்கா. நீங்க உள்ள போனா அந்த இன்ஸ்பெக்டர் என்ன சொல்லுவான்? வலியே இல்ல, வேஷம்னு சொல்லுவான்."

"சொல்லட்டும். உள்ள ஒரு ஆளு சாகக் கிடக்கிறாரு."

"நாங்க வேற யாருக்காகக்கா நிக்கிறோம்? உங்களுக்காகத்தானே?" அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. "எங்களை மிதிச்சுட்டுப் போங்க" என்று அப்படியே வாசற்படியில் படுத்தாள். பக்கத்தில் நின்ற பையன்களும் வரிசையாகப் படுத்தார்கள். இப்படி வாசலில் படுத்து மறிக்கக் கற்றுக்கொடுத்தவளும் இவள்தான்.

மிதித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றால் மிதிப்பேன் என்று அவள் காலைத் தூக்கி வைத்தாள். இரண்டு உடம்புகளுக்கு நடுவே கிடைத்த இடத்தில் ஊன்றி, அடுத்த அடியை எடுத்தாள். "அக்கா, அக்கா" என்று நாலாபக்கமும் கைகள் அவளைப் பிடித்தன. யாரோ இழுத்த இழுப்பில் மாவுக்கட்டு கதவு நிலையில் நங்கென்று மோதியது. உச்சந்தலைவரை மின்னல் ஓடியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் விழுவதற்குள் தாங்கிக்கொண்டார்கள்.

"ஐயோ, அக்காவுக்கு மயக்கம் வருது! நாற்காலி கொண்டா! தள்ளுங்கப்பா, காத்து வரட்டும்!"

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வந்தது. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அங்கியை மடித்து முதுகுக்கு அணைகொடுத்தார்கள். ஒருத்தி தன் துப்பட்டாவால் விசிறினாள். அவர்கள் முகத்தில் இருந்த கவலையெல்லாம் நிஜமான கவலை. "என்னை உள்ள விடுங்கடா" என்று அவள் சொன்னது அவள் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. வெளியே ஒலிபெருக்கி கரகரத்து உயிர்பெற்றது.

"ஏழைகளுக்காகவே வாழும் நம் சகோதரி, ஒடிந்த கையோடு இன்று நம் நடுவில் இருக்கிறார்! அவரை மேடைக்கு அழைத்து வாருங்கள்!"

நாலு பேர் நாற்காலியின் நாலு காலையும் பிடித்து அலாக்காகத் தூக்கிவிட்டார்கள். தாழ்வாரமே ஆர்ப்பரித்தது. "இறக்குங்கடா! சொல்றேன்ல, இறக்குங்க!" என்று அவள் கத்தினாள். கத்துவது வாழ்க கோஷத்துக்கு எசப்பாட்டு மாதிரிதான் கீழே நின்றவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர்கள் இன்னும் உரக்கக் கத்தினார்கள். குதித்துவிடலாமா என்று பார்த்தாள். ஆடிய ஆட்டத்தில் இருந்த ஒரு கையும் நாற்காலியின் கைப்பிடியை விட மறுத்தது. குமாஸ்தா மட்டும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பக்கத்திலேயே ஓடிவந்தார். "விடுங்கப்பா, அம்மாவை விடுங்கப்பா" என்று ஒவ்வொருவர் முழங்கையையும் பிடித்துக் கெஞ்சினார். யாரோ அவர் கையிலும் ஒரு கோஷ அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் மேஸ்திரியின் பெயரைக் கூவினார்கள். மூன்றுமுறை கூவுகிற வழக்கம். வெளியே இருந்த சத்தத்தில் அவளுக்குக் கடைசிமுறை மட்டுமே கேட்டது.

தோள் உயரத்தில் நாற்காலி ஜன்னல்களைக் கடந்துபோனது. தரையில் நின்றால் அந்த ஜன்னல்கள் எட்டாது. மேலிருந்து பார்த்தபோது நீதிமன்ற அறை முழுவதும் தெரிந்தது. வக்கீல்களின் நீண்ட மேசை காலியாகக் கிடந்தது. சங்கத்தில் சேராத அரசு வக்கீல் ஒருவர் மட்டும் எழுந்து, சிறை மருத்துவரின் தாளை நீட்டிவிட்டு உட்கார்ந்தார். கூண்டுக்குள் மேஸ்திரியின் தலை தெரியவில்லை. தரையில் உட்காரவைத்திருந்தார்கள் போலிருக்கிறது. கம்பிகளுக்கு வெளியே பை கட்டின கால் மட்டும் நீண்டிருந்தது.

மேஸ்திரியின் மனைவி முன்னால் போய் நின்றாள். அழவில்லை. டாக்டரின் சான்றை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். நீதிபதி கையைக் காதோரம் வைத்து, கேட்கவில்லை என்று ஜாடை காட்டினார். அவள் மறுபடி சொன்னாள். வெளியே வாழ்க கோஷம் எழுந்தது. நீதிபதி கட்டைப் புரட்டிப் பார்த்து, காலி மேசையைக் காட்டி என்னவோ கேட்டார். அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். நீதிபதியும் பார்த்தார். வாசலில் இன்னும் படுத்துக்கிடந்தார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுதினார். கட்டு கைமாறி, அன்றைக்குத் தள்ளிவைத்த கட்டுகளின் மேல் போய் உட்கார்ந்தது.

"ஐயா! கனம் நீதிபதி அவர்களே! ஒரு நிமிஷம்! அந்தக் காலைப் பாருங்கய்யா!" ஜாமீனம்மா அந்தரத்திலிருந்து ஜன்னலை நோக்கித் தொண்டை கிழியக் கத்தினாள்.

நீதிபதி நிமிர்ந்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு, சத்தம் தாங்கவில்லை என்று டவாலிக்குச் சைகை செய்தார். வெள்ளைச் சீருடைக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை அணிந்த அந்த டவாலி ஜன்னலுக்கு வந்தார். வெளியே தூக்கிப் பிடித்த நாற்காலியில் இருப்பது யார் என்று அடையாளம் தெரிந்ததும், தலையை நன்றாகத் தாழ்த்தி மரியாதையாக வணங்கினார். பிறகு ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சாத்தினார்.